பழைய கார்டைத் திரும்பப் போட்டுப் பார்

செத்துப்போன நெட்வொர்க் கார்டால் பெரிய தொல்லை இல்லை. விளக்கு எரியாது, பூட் ஆகும்போது கர்னல் அதைக் கண்டுகொள்ளாது. கழற்றிவிட்டு வேறொன்றைப் போட்டால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. பாதி வேலை செய்யும் கார்டுதான் ஆளைத் தின்னும். பிங் போகும், ஃபைல் போகாது. காலையில் ஓடும், 11 மணிக்கு நிற்கும். சர்வரைத் திருப்பி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும், நாலு நாள் கழித்து மறுபடி வரும். 90களின் நடுவில் எஸ்சிஓ யூனிக்ஸ், பிறகு ஃப்ரீபிஎஸ்டி, பிறகு லினக்ஸ் என்று சர்வர்களோடே என் காலம் போயிருக்கிறது. தொழில் என்று எனக்கு ஏதாவது தெரியுமென்றால் அது இந்த வகைப் பழுதுகள் கற்றுக்கொடுத்ததுதான்.

தொடக்கத்தில் இருந்தது கோஆக்சியல் கேபிள். கோவை சுற்றுவட்டார மில் ஆபீஸ்களில் சம்பளக் கணக்கும் பஞ்சு இருப்பும் எஸ்சிஓ யூனிக்ஸ் ஓடும் ஒரே பெட்டியில் இருக்கும். அதிலிருந்து ஒரு கறுப்புக் கேபிள் கிளம்பி மேசை மேசையாகப் போகும். ஒவ்வொரு கம்ப்யூட்டரின் பின்னாலும் ஒரு டி கனெக்டர், கேபிளின் இரண்டு முனைகளிலும் 50 ஓம் டெர்மினேட்டர். மொத்த நீளம் 185 மீட்டரைத் தாண்டக் கூடாது. மேசையைத் துடைக்கிறவர் ஒரு கனெக்டரை ஆட்டிவிட்டால் ஆபீஸ் முழுக்க நின்றுபோகும். உடனே போன் வரும்: "சர்வர் கார்டு போயிருச்சுங்க."

என் பையில் எப்போதும் ஒரு மல்டிமீட்டர் இருந்தது. டி கனெக்டரைக் கார்டிலிருந்து உருவி, நடுக்கம்பிக்கும் மேலுறைக்கும் நடுவே அளந்தால் 25 ஓம் சொச்சம் காட்ட வேண்டும். இரண்டு டெர்மினேட்டர்களும் பக்க இணைப்பில் சேர்ந்தால் வரும் கணக்கு அது. 50 காட்டினால் ஏதோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யம் காட்டினால் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு மில்லில் அளவு ஒழுங்காக இருந்தும் கடைசி மேசைகளில் மட்டும் பிழை குறையவே இல்லை. கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டே போய் அதன் மேல் அச்சடித்திருந்ததைப் படித்ததில் விஷயம் தெரிந்தது. அறுந்த துண்டுக்குப் பதிலாக யாரோ டிவி கேபிளை வாங்கிப் போட்டிருந்தார்கள். அது 75 ஓம் கேபிள். கனெக்டர் அதிலும் பொருந்தும், மல்டிமீட்டருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் சிக்னலுக்குத் தெரியும். 50 ஓம் கேபிளிலிருந்து 75 ஓம் கேபிளுக்குள் நுழையும் இடத்தில் அதில் ஒரு பங்கு மோதித் திரும்பும்.

அந்த வட்டாரத்திலேயே இன்னொரு மில். அங்கே சர்வர் தினமும் 11 மணிக்கு நெட்வொர்க்கை விட்டுவிடும். கணக்குப் பிரிவில் இருந்த பெரியவர் சொன்னார்: "காலைல நல்லாத்தானுங்க இருக்குது. 11 மணிக்கு மேல போயிருதுங்க. மதியம் சாப்ட்டுட்டு வந்தாத் தானா சரியாயிருதுங்க." ஏற்கெனவே வந்தவர்கள் கார்டை மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். புதுக் கார்டிலும் அதே கதை. நான் கார்டைத் தொடவில்லை. 11 மணிக்கு ஆபீஸில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். "ஹெட் ஆபீசுக்கு மோடம்ல கணக்கு அனுப்புவோமுங்க" என்றார்.

அந்தக் கார்டுகளில் முகவரியையும் இன்டரப்ட் எண்ணையும் ஜம்பர் வைத்துக் குறிப்போம். என்ஈ2000 வகைக் கார்டுகள் பெரும்பாலும் 300 ஹெக்ஸ், இன்டரப்ட் 3 என்று பெட்டியிலிருந்தே வரும். இரண்டாவது சீரியல் போர்ட்டுக்கும் வழக்கமான இன்டரப்ட் 3தான். ஐஎஸ்ஏ பஸ்ஸில் ஒரு இன்டரப்ட் கம்பியை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ள முடியாது. ஆனாலும் காலை முழுக்க ஓடியது எப்படி? சீரியல் போர்ட்டை எந்த மென்பொருளும் திறக்காதவரை அது இன்டரப்ட் கம்பியைப் பிடிப்பதில்லை. மோடத்துக்காக போர்ட்டைத் திறந்த அந்த நொடியில் கம்பி அதன் கைக்குப் போய்விடுகிறது, நெட்வொர்க் கார்டு கூப்பிடுவது கர்னலுக்கு எட்டுவதில்லை. ஜம்பரை மாற்றி 10இல் வைத்து, கர்னலை மறுபடி லிங்க் செய்து, பூட் செய்தேன். மறுநாள் 11 மணிக்குப் பெரியவர் என் பக்கத்தில் உட்கார்ந்து மோடம் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழுது எப்போது வருகிறது என்று கேட்பது, எங்கே இருக்கிறது என்று தேடுவதைவிட அதிக பலன் தருவதை அங்கேதான் முதலில் கண்டேன். வருடங்கள் போகப்போகப் பழுது இருக்கும் இடம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் கையால் தொடக்கூடிய ஜம்பரிலும் கேபிளிலும் இருந்தது. பிறகு டிரைவருக்குள் போனது, அப்புறம் கார்டின் சொந்த மென்பொருளுக்குள். கேள்வி மட்டும் மாறவில்லை.

இந்தியாவில் 1998 நவம்பரில் தனியார் இணைய சேவைக்கு அனுமதி வந்தது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் சென்னையில் ஃப்ரீபிஎஸ்டி ஓடும் பெட்டிகளைப் பார்க்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அதற்குள் பிசிஐ வந்திருந்தது, ஜம்பர் போயிருந்தது. ஃப்ரீபிஎஸ்டியில் எனக்குப் பிடித்த விஷயம், கார்டின் பெயரே டிரைவரின் பெயர். எஃப்எக்ஸ்பி0 என்றால் இன்டெல் 100 மெகாபிட் கார்டு, எக்ஸ்எல்0 என்றால் 3காம், ஆர்எல்0 என்றால் ரியல்டெக் 8129 அல்லது 8139. பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பது என்ன சிப் என்று தெரிந்துவிடும். லினக்ஸில் அப்போது எல்லாமே எத்0, எத்1.

டிரைவர் எழுதியவர்களைப் பற்றி இங்கே நன்றியோடு சொல்லியாக வேண்டும். நாசாவின் காடர்ட் மையத்தில் 1994இல் பியோவுல்ஃப் என்ற மலிவுக் கணினிக் கூட்டத்தைக் கட்டியபோது டொனால்ட் பெக்கர் லினக்ஸுக்காக எழுதிய ஈதர்நெட் டிரைவர்கள் பிறகு உலகம் முழுவதும் ஓடின. ஃப்ரீபிஎஸ்டிக்கு அதே வேலையைச் செய்தவர் பில் பால். அவருடைய டிரைவர்களின் சோர்ஸ் கோடில், ஃபைலின் தலையில் நீளமான குறிப்புகள் இருக்கும். ஒரு சிப் எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே சொதப்புகிறது என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருப்பார். 8139 டிரைவரின் குறிப்பைப் படித்துத்தான் மலிவு என்பது ஒரு சிப்பில் எப்படித் தெரியும் என்று புரிந்துகொண்டேன். வரும் பாக்கெட்டுகளை அது ஒரே நீளமான வளையத்துக்குள் அடுத்தடுத்துக் கொட்டும், ஒவ்வொன்றையும் சிபியு வேறு இடத்துக்குப் பிரதி எடுக்க வேண்டும். அனுப்புவதற்கு நாலே நாலு இடம்தான், அதற்கும் முகவரி நாலு பைட் எல்லையில் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயும் பிரதி. மேசைக் கம்ப்யூட்டருக்கு அது போதும். ஒரு நகரத்தின் மெயிலைத் தாங்கும் சர்வருக்குப் போதாது. சோர்ஸ் கோடைப் படிக்கும் பழக்கம் இல்லாத நிர்வாகி, கார்டு வாங்கும்போது விலைப்பட்டியலை மட்டும்தான் படிக்க முடியும்.

அந்த நாட்களில் கன்சோலில் நான் அதிகம் பார்த்த செய்தி 'வாட்ச்டாக் டைம்அவுட்'. லினக்ஸிலும் 'நெட்டெவ் வாட்ச்டாக்' என்று இதே போல ஒன்று வரும். பார்த்தவுடன் எல்லாரும் கார்டு கெட்டுவிட்டது என்றுதான் முடிவு செய்வார்கள். அந்தச் செய்தி அவ்வளவு சொல்வதில்லை. கர்னல் ஒரு பாக்கெட்டை அனுப்பச் சொல்லிக் கார்டிடம் கொடுத்தது, அனுப்பி முடித்தேன் என்ற பதில் சில நொடிகளுக்குள் வரவில்லை. செய்தியின் பொருள் இவ்வளவுதான். கார்டு நிஜமாகவே தொங்கியிருக்கலாம். கார்டு அனுப்பிவிட்டு இன்டரப்ட் கொடுத்தும் அது சிபியுவுக்குப் போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். எதிர்முனை ஸ்விட்ச் ஓயாமல் 'நிறுத்து' என்று பாஸ் ஃப்ரேம் அனுப்பிக்கொண்டிருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. ஃப்ரீபிஎஸ்டியில் 'விஎம்ஸ்டாட்' கட்டளைக்கு ஐ என்ற தேர்வைக் கொடுத்தாலும், லினக்ஸில் ப்ராக் அடைவின் கீழ் இருக்கும் இன்டரப்ட்ஸ் ஃபைலைப் பார்த்தாலும், ஒவ்வொரு சாதனமும் இதுவரை எத்தனை தடவை கூப்பிட்டது என்ற எண் இருக்கும். பழுது நடக்கும் நேரத்தில் பத்து நொடி இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். எண் அசையவில்லை என்றால் இன்டரப்ட் பக்கம் தேடலாம். பிசிஐயில் இன்டரப்டைப் பகிரலாம் என்பது விதி. ஆனால் பகிர்கிற எல்லா டிரைவரும் நாணயமாக நடக்க வேண்டும். லினக்ஸில் ஒரு லட்சம் இன்டரப்டுகளில் 99,900-ஐ யாரும் தன்னுடையது என்று ஏற்காவிட்டால், கர்னல் 'யாரும் கண்டுகொள்ளவில்லை' என்று லாகில் எழுதிவிட்டு அந்தக் கம்பியையே அணைத்துவிடும். அதே கம்பியில் இருக்கும் நெட்வொர்க் கார்டும் கூடவே ஊமையாகிவிடும். குற்றம் செய்தது ஒரு யுஎஸ்பி கன்ட்ரோலராக இருக்கும், பழி கார்டின் மேல் விழும். இப்படி ஒரு மெயில் சர்வரில், கார்டை ஒரு ஸ்லாட் தள்ளிச் செருகியதோடு தொல்லை நின்றது. எந்த ஸ்லாட்டுக்கு எந்தக் கம்பி என்பது மதர்போர்டில் நிரந்தரமாக வகுத்திருப்பதால் ஸ்லாட்டை மாற்றினால் பங்காளியும் மாறிவிடுவார்.

100 மெகாபிட் காலத்தில் என்னை மிக அதிகம் அலைய வைத்தது டியூப்ளெக்ஸ் பொருத்தமின்மை. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இன்றைக்கும் பழைய தொழிற்சாலைகளில் அது உயிரோடு இருக்கிறது.

ஒரு நிறுவனத்தின் சர்வரில் இரவு பேக்கப் விடிந்தாலும் முடிவதில்லை என்று கூப்பிட்டார்கள். பகலில் யாருக்கும் குறை தெரியவில்லை. பிங் ஒன்றுகூடத் தவறவில்லை. அங்கிருந்த பையன் கார்டை மாற்றியிருந்தான், பிறகு கேபிளை, பிறகு வேறு நிறுவனத்துக் கார்டு. எதுவும் பலிக்கவில்லை. நான் போய் 'நெட்ஸ்டாட்' கட்டளையில் இன்டர்ஃபேஸ் எண்ணிக்கைகளைப் பார்த்தேன். மோதல் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. 'ஐஎஃப்கான்ஃபிக்' பார்த்தால் 100 மெகாபிட், ஹாஃப் டியூப்ளெக்ஸ். ஸ்விட்சை நிர்வகித்தவரிடம் கேட்டேன். "நாங்க ஃபுல் டியூப்ளெக்ஸ்ல ஃபிக்ஸ் பண்ணியிருக்கோம் சார், ஆட்டோல விட்டா நம்ப முடியாது" என்றார். அவர் ஃபிக்ஸ் செய்ததுதான் நோய்.

1995இல் வந்த 802.3யு தரத்தில் இரண்டு முனைகளும் தங்களுக்குத் தெரிந்த வேகங்களைப் பரிமாறிக்கொண்டு ஒத்துப்போகும் முறை இருக்கிறது. ஒரு முனையில் அந்தப் பேச்சை அணைத்துவிட்டால் அடுத்த முனைக்கு சிக்னலின் வடிவத்தை வைத்து வேகத்தை ஊகிக்க முடியும், டியூப்ளெக்ஸை ஊகிக்க முடியாது. தெரியாவிட்டால் ஹாஃப் என்று எடுத்துக்கொள் என்பது தரத்திலேயே இருக்கும் விதி. ஆக ஸ்விட்ச் ஃபுல், சர்வர் ஹாஃப். ஒற்றை வண்டி போகும் பாலத்தில், எதிர்க்கரைக்காரர் மட்டும் இது இருவழிச் சாலை என்று நம்பிக்கொண்டு வண்டியை விடுவதைப் போன்ற நிலை. சர்வர் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஸ்விட்சும் அனுப்பும். சர்வர் அதை மோதல் என்று எடுத்துக்கொண்டு நடுவிலேயே நிறுத்திவிடும். முதல் 64 பைட்டுக்குள் மோதினால் கார்டே மறுபடி அனுப்பிவிடும். அதைத் தாண்டி மோதினால் 'லேட் கொலிஷன்', பெரும்பாலான கார்டுகள் அந்தப் பாக்கெட்டைக் கைவிட்டுவிடும். பிறகு டிசிபி காத்திருந்து திரும்ப அனுப்ப வேண்டும். அந்தக் காத்திருப்பு ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான மில்லிநொடி. பிங் என்பது ஒரு சின்ன பாக்கெட் போய் ஒரு சின்ன பாக்கெட் திரும்பி வருவது, மோதுவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. பேக்கப் போலப் பெரிய ஓட்டம் ஒன்று போகும்போது எதிர்த் திசையில் ஒப்புதல் பாக்கெட்டுகள் ஓயாமல் வரும், அப்போதுதான் எல்லாம் மோதும்.

இதை எண்ணிக்கைகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஹாஃப் பக்கத்தில் லேட் கொலிஷன் ஏறும், ஃபுல் பக்கத்தில் சிஆர்சி பிழையும் அரைகுறைப் பாக்கெட்டும் ஏறும். இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். சர்வர் ஆள் சர்வரை மட்டும், ஸ்விட்ச் ஆள் ஸ்விட்சை மட்டும் பார்க்கிற இடங்களில் இந்தப் பழுது மாதக்கணக்கில் குடியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த இரவு ஸ்விட்ச் போர்ட்டை ஆட்டோவுக்கு மாற்றினார்கள், பேக்கப் நடுநிசிக்கு முன்பே முடிந்தது. கழற்றிப் போட்ட கார்டுகள் எல்லாம் நல்ல கார்டுகள்.

கார்டை மாற்றினால் சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நான் முழுதாக ஏற்றுக்கொள்வதில்லை. மாற்றும்போது நாம் கார்டை மட்டும் மாற்றுவதில்லை. ஸ்லாட்டின் தொடர்புப் பற்கள் உராய்ந்து சுத்தமாகின்றன, கேபிள் கழன்று மறுபடி உட்காருகிறது, ஸ்விட்சோடு பேச்சு புதிதாக நடக்கிறது, பெட்டியின் மின்சாரம் முழுதாக நிற்கிறது. கடைசியாகச் சொன்னது முக்கியம். ஏடிஎக்ஸ் பெட்டிகளில் சர்வரை அணைத்தாலும் காத்திருப்பு மின்சாரம் கார்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். தொங்கிப்போன கார்டு ரீபூட்டில் தெளியாது, பவர் கேபிளைப் பிடுங்கினால்தான் தெளியும். ஆகவே புதுக் கார்டு ஓடுகிறதே என்று கிளம்பிவிடக் கூடாது. பழைய கார்டை அதே ஸ்லாட்டில் திரும்பப் போட்டு, பழுது திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால்தான் கார்டு குற்றவாளி. வராவிட்டால் பழுது இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறது. வாடிக்கையாளருக்கு இது பிடிக்காது. "ஓடிட்டிருக்கிறதை எதுக்கு சார் மறுபடி கெடுக்கறீங்க?" என்று கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிச் செய்துவிடுவேன்.

சென்னையில் கடற்கரையை ஒட்டிய கட்டடங்களில் இது கண்கூடு. உப்புக் காற்றில் கார்டின் பற்கள் மங்கிப்போகும். ஹார்டுவேர் பையன்கள் பென்சில் ரப்பரால் தேய்த்துச் செருகுவார்கள், நானும் அப்படித்தான். பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைப்பது நல்லது, ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் போகாது. ஐப்பசி மாதம் இடி மின்னலோடு வேறு வகைத் தொல்லை வரும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கேபிள் இழுத்திருந்தால் ஒவ்வொரு மழைக்கும் ஒரு கார்டோ ஸ்விட்ச் போர்ட்டோ போகும். கார்டில் இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் 1500 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்படுகிறது, மின்னல் அதை மதிக்காது. அடிபட்ட கார்டுகளில் பாதி அன்றைக்கே சாவதில்லை. 10 மெகாபிட்டில் ஓடும், 100இல் தடுமாறும், சூடானால் நிற்கும். கட்டடம் விட்டுக் கட்டடம் போக ஃபைபர்தான் என்று 2000க்குப் பிறகு யார் கேட்டாலும் சொல்லத் தொடங்கினேன். செலவைப் பார்த்துத் தயங்கியவர்களும் அடுத்த மழைக்காலத்துக்குள் போட்டுவிட்டார்கள்.

கேபிளைப் பற்றி ஒன்றே ஒன்று. எட்டுக் கம்பியையும் வரிசையாக ஒன்று இரண்டு மூன்று நாலு என்று கிரிம்ப் செய்தால் டெஸ்டரில் எட்டு விளக்கும் பச்சை காட்டும். ஆனால் 3ஆம் கம்பியும் 6ஆம் கம்பியும் ஒரே முறுக்கில் இருக்க வேண்டும். வெவ்வேறு முறுக்கில் இருந்தால் 10 மெகாபிட் ஓடிவிடும், 100இல் பாக்கெட் சிந்தும். கனெக்டரைக் கண்ணாடி வைத்துப் பார்த்து நிறங்களைப் படிப்பதே இதற்கு வழி.

இதுவரை சொன்னவை எல்லாம் பாக்கெட் தொலைகிற பழுதுகள். தொலைந்தால் டிசிபி திரும்ப அனுப்பிவிடும், வேகம் குறையும், அவ்வளவுதான். பாக்கெட் தொலையாமல், மாறிப்போய் வந்து சேர்வதுதான் எனக்குப் பயம் தந்தது. ஒரு சர்வரில் பெரிய ஃபைல்களைப் பிரதி எடுத்தால் எப்போதாவது ஒன்றின் எம்டி5 கணக்கு ஒத்துப்போகாது. லாகில் ஒரு பிழையும் இல்லை. தடயம் கொடுத்தது எஸ்எஸ்எச். தகவல் கெட்டுவிட்டது என்று ஒரு வரி எழுதிவிட்டு இணைப்பு திடீரென்று அறும். எஸ்எஸ்எச் ஒவ்வொரு பாக்கெட்டையும் தன் சாவியால் சரிபார்க்கிறது, அதை ஏமாற்ற முடியாது.

ஈதர்நெட்டின் சிஆர்சி கேபிளில் நடப்பதை மட்டும் காக்கும். கார்டுக்குள் வந்தபின் அதன் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு காவல் டிசிபியின் செக்சம். அதைச் சிபியு கணக்கிட்ட காலம் போய், கார்டே சரிபார்த்துச் சொல்லும் வசதி வந்திருந்தது. கார்டு சரிபார்த்துவிட்டு, பிறகு பஸ் வழியாக மெமரிக்கு அனுப்பும். அந்தக் கடைசிப் பயணத்தில் ஒரு பிட் புரண்டால் கேட்க ஆளில்லை. நான் செய்த முதல் வேலை அந்த வசதியை அணைத்ததுதான். ஃப்ரீபிஎஸ்டியில் 'ஐஎஃப்கான்ஃபிக்', லினக்ஸில் 'ஈத்டூல்', ஒரு வரி போதும். அணைத்ததும் 'நெட்ஸ்டாட்' புள்ளிவிவரத்தில் தவறான செக்சம் எண்ணிக்கை ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கியது. அதுவரை ஒளிந்திருந்த பழுது வெளியே வந்து நின்றது. கார்டை வேறு பெட்டியில் போட்டால் பழுது இல்லை, அதே பெட்டியில் வேறு கார்டு போட்டாலும் பழுது உண்டு. மதர்போர்டைப் பார்த்தபோது மின்தேக்கிகள் தலை உப்பியிருந்தன. 2000களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க மதர்போர்டுகளைப் பிடித்த நோய் அது.

இது அபூர்வமில்லை. 2000இல் சிக்காம் மாநாட்டில் ஜோனதன் ஸ்டோனும் கிரேக் பார்ட்ரிட்ஜும் வெளியிட்ட ஆய்வில், நிஜ நெட்வொர்க்குகளில் 1,100 பாக்கெட்டுக்கு ஒன்று முதல் 32,000 பாக்கெட்டுக்கு ஒன்று வரை டிசிபி செக்சத்தில் தோற்கிறது என்று கண்டார்கள், சிஆர்சியைத் தாண்டி வந்த பிறகு. செக்சம் 16 பிட்தான், தாறுமாறாகக் கெட்டதில் 65,536இல் ஒன்று அதையும் தாண்டிவிடும். அதைப் படித்த பிறகு நான் எடுக்கும் எந்தப் பேக்கப்பையும் தனியாகக் கணக்குப் போட்டுச் சரிபார்க்காமல் விட்டதில்லை.

கிகாபிட் வந்ததும் கார்டு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் ஆகிவிட்டது. அதற்கு நினைவகம், அமைப்பு, மின்சேமிப்பு எல்லாம் உண்டு. 2008 செப்டம்பரில் லினக்ஸ் 2.6.27இன் சோதனைப் பதிப்புகளை ஓட்டியவர்களின் இன்டெல் கார்டுகளில் நிரந்தர நினைவகம் அழிந்து, கார்டு பயனற்றுப்போனது. எல்லாரும் டிரைவரைச் சந்தேகித்தார்கள். கடைசியில் காரணம் கர்னலின் வேறொரு மூலையில், எஃப்ட்ரேஸ் என்ற தடம்பார்க்கும் பகுதியில் இருந்தது. 2013இல் கிறிஸ்டியன் கீல்ஹோஃப்னர் என்பவர் இன்டெல் 82574எல் நெட்வொர்க் சிப் ஒன்று குறிப்பிட்ட பாக்கெட் வந்தால் முழுதாக நின்றுபோவதைக் கண்டுபிடித்தார். பாக்கெட்டின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு குறிப்பிட்ட மதிப்பு இருந்தால் போதும், பவரைத் துண்டித்தால்தான் உயிர் வரும். ஒரு மதர்போர்டு தயாரிப்பாளர் சிப்பின் நினைவகத்தில் தவறான அமைப்பை எழுதியதுதான் காரணம் என்று இன்டெல் சொன்னது. அவர் அதைப் பிடித்த விதம் எனக்குப் பாடம். நின்றுபோகும் நேரத்தில் வந்த பாக்கெட்டுகளை எல்லாம் சேமித்து, ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பி, பழுதைத் தன் விருப்பப்படி வரவழைத்தார்.

என்னிடம் வந்தவற்றில், நள்ளிரவில் வேலையில்லாத நேரத்தில் மறையும் கார்டுகள் அதிகம். பிசிஐ எக்ஸ்பிரஸின் மின்சேமிப்பில் இணைப்பு தூங்கிவிட்டு எழாமல் போய்விடும். பகலில் போக்குவரத்து இருப்பதால் தூங்காது. கர்னலுக்கு பூட் வரியில் அந்தச் சேமிப்பை அணைக்கச் சொன்னால் நிற்கும். இங்கேயும் 'எப்போது' என்ற கேள்விதான் வழிகாட்டியது.

கார்டை மாற்றியே ஆக வேண்டும் என்று ஆன பிறகும் இரண்டு பள்ளங்கள் உண்டு. பழைய லினக்ஸில் யுடெவ் மேக் முகவரியை எழுதிவைத்துக்கொண்டு, புதுக் கார்டுக்கு எத்1 என்று பெயர் கொடுக்கும். அமைப்பு எத்0க்கு இருக்கும், பெட்டி மௌனமாக எழும். 2013இல் சிஸ்டம்டி ஸ்லாட்டை வைத்துப் பெயர் சூட்டத் தொடங்கியது. நீளமான பெயர்கள் என்று பலர் முணுமுணுத்தாலும் எனக்கு நிம்மதி. அடுத்தது, ரூட்டரின் ஏஆர்பி நினைவு. சிஸ்கோ ரூட்டர் பழைய மேக் முகவரியை இயல்பாக 4 மணி நேரம் வைத்திருக்கும். புதுக் கார்டு பக்கத்து மேசைக்குத் தெரியும், வெளியுலகத்துக்குத் தெரியாது. ஏஆர்பி பட்டியலைத் துடைக்கச் சொல்லி ரூட்டர்க்காரரிடம் முன்கூட்டியே பேசிவைப்பேன்.

இப்போது 10 கிகாபிட், ஃபைபர். சில மாதங்களுக்கு முன்பு இளம் நிர்வாகி ஒருத்தி கூப்பிட்டாள். "சார், சிஆர்சி எரர் ஏறுது. கார்டு ஆர்டர் பண்ணிடட்டுமா?" கொஞ்சம் பொறு என்றேன். 'ஈத்டூல்' கட்டளையில் எம் தேர்வைக் கொடுத்து, மாட்யூல் வாங்கும் ஒளியின் அளவைப் படிக்கச் சொன்னேன். மைனஸ் 11 டெசிபல் என்றாள். அந்த வகை மாட்யூல் மைனஸ் 9.9க்குக் கீழே போனால் உத்தரவாதம் இல்லை. எதிர்முனை எவ்வளவு அனுப்புகிறது என்று கேட்டேன், அது ஒழுங்காக இருந்தது. அப்படியானால் நடுவில்தான் ஒளி தொலைகிறது. ஃபைபர் முனையைக் கழற்றி, அதற்கென்று இருக்கும் பேனா போன்ற துடைப்பானால் துடைத்துச் செருகினாள். மைனஸ் 3க்கு வந்தது, எண்ணிக்கை நின்றது. இரண்டு அளவுகளையும் தேதியோடு குறித்து வைக்கச் சொன்னேன். அடுத்த வாரம் அவளே மற்ற எல்லா லிங்க்குகளின் ஒளி அளவையும் ஒரு பட்டியலாக எடுத்து அனுப்பியிருந்தாள். அதில் இன்னும் மூன்று மைனஸ் 8ஐத் தொட்டிருந்தன, அவற்றில் யாரும் இதுவரை புகார் சொல்லவில்லை.